ஏறுபாலம்

ஜனவரி 9

மார்ச்சில் தம்பியோடு போகவிருக்கும் கப்பல் பயணத்துக்கு, சக்கர நாற்காலி நுழையும் அறை உண்டா என்று கேட்டிருந்தேன். கப்பல் நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது: "ஆம், அந்த அறை சக்கர நாற்காலிக்கு ஏற்றது." அவ்வளவுதான். இந்த 'ஏற்றது' என்ற சொல்லுக்கும் எனக்கும் பழைய பகை. என்னுடையது மின் நாற்காலி. அகலம் 66 செ.மீ., பேட்டரியோடு 130 கிலோ. ஒரே ஒரு படி இருந்தாலும் படிதான் ஜெயிக்கும்.

எனவே திருப்பி எழுதினேன். கதவை முழுக்கத் திறந்து வைத்தால் மிஞ்சும் இடைவெளி எத்தனை சென்டிமீட்டர்? குளியலறை வாசலில் மேடு உண்டா? கட்டில் என்ன உயரம்? நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம் கிடைக்குமா? படமும் கேட்டேன். படத்தில் தரை தெரிய வேண்டும், பூச்சாடி வேண்டாம்.

ஜனவரி 16

எண்கள் வந்துவிட்டன. கதவு 81 செ.மீ., குளியலறை வாசலில் மேடு இல்லை, சின்னச் சரிவுதான். யாரோ ஒருவர் அளவு நாடாவோடு அந்த அறைக்குள் போயிருக்கிறார். அவருக்கு நன்றி.

உதவி கோரும் படிவத்தையும் அனுப்பிவிட்டேன். பேட்டரி ஜெல் வகையா, லித்தியமா என்று கேட்டிருந்தார்கள். நாற்காலியை அறைக்குள்தான் வைக்க வேண்டும், நடைவழியில் நிறுத்தக் கூடாது. அது நியாயம்தான், தீ விபத்து நேர்ந்தால் மற்றவர்கள் ஓடும் வழி அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கடல் பயணிகள் விதிமுறை (1177/2010) உதவி வேண்டுமென்று 48 மணி நேரத்துக்கு முன்னால் சொன்னால் போதும் என்கிறது. அறையை நம்பிப் போகிறவர்கள் அந்த 48 மணி நேரத்தை நம்ப வேண்டாம். இத்தகைய அறைகள் ஒரு கப்பலில் சொற்பம். முதலில் தீர்ந்துபோவதும் அவைதான்.

மார்ச் 2, மதியம்

ஏறியாயிற்று.

முனையத்தில் ஓர் ஊழியர் என் தலைக்கு மேலாகத் தம்பியிடம் கேட்டார்: "இவரால் கொஞ்சம் நடக்க முடியுமா?" தம்பி கூரையைப் பார்க்கத் தொடங்கினான். எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு அது. கொஞ்ச நேரம் கழித்து, "அக்காவிடமே கேளுங்கள்" என்றான். அவர் குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோல் மெதுவாக அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே வேகத்தில் பதில் சொன்னேன்.

ஏறுபாலம் கண்ணாடிச் சுவரோடு மடங்கி மடங்கி மேலே போனது. ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்பது சரிவுகளுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இங்கே அதற்குப் பழுதில்லை. சிக்கல் கடைசி ஒரு மீட்டரில் இருந்தது. பாலம் கரையைச் சேர்ந்தது, கப்பல் தண்ணீரைச் சேர்ந்தது; இரண்டையும் ஓர் இரும்புத் தகடு இணைக்கிறது. கப்பல் அசைய அசையத் தகட்டின் நுனி தரையில் உரசி, ஒரு விரற்கடை முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருந்தது. கோணலாகப் போனால் முன்னாலுள்ள சிறு சக்கரம் அந்த விளிம்பில் மாட்டித் திரும்பிவிடும். அரை மீட்டர் பின்வாங்கி, இரண்டு சக்கரங்களையும் நேராக்கி நின்றேன். பின்னால் வரிசை நின்றது. நல்லெண்ணம் கொண்ட மாலுமி ஒருவர் நாற்காலியின் பிடியில் கை வைத்தார்.

"தயவுசெய்து தள்ளாதீர்கள். ஓட்டுவது நான்."

கையை எடுத்துவிட்டார். தகடு தடதடத்தது, கடந்துவிட்டேன்.

அதே நாள், மாலை

அவசரகாலப் பயிற்சி. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலின் பயணிகளில் பலர் சற்று முன்புதான் ஏறியவர்கள், பயிற்சி பெற்றிருக்கவில்லை. அதுவரை கப்பலேறி 24 மணி நேரத்துக்குள் பயிற்சி தந்தால் போதும் என்றிருந்த விதி 2015இல் மாறியது. இப்போது கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பியவுடனேயோ தந்தாக வேண்டும்.

கூடுமிடத்தைக் காட்டியவரிடம், மின்தூக்கி நின்றுபோனால் என்னை எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டேன். சிரித்து மழுப்பவில்லை அவர். படிக்கட்டருகே மாட்டியிருந்த மடக்கு நாற்காலியை எடுத்து விரித்துக் காட்டினார். பின்பக்கம் பட்டைகள் உண்டு, படிகளில் வழுக்கிக்கொண்டே இறங்கும். மேலே ஏற்றுவதென்றால் ஆட்கள் தூக்க வேண்டும். என் நாற்காலி? "அது இங்கேயே இருக்கும்" என்றார். நான்கு ஆண்டுகள் சேமித்து வாங்கியது. சரி என்று தலையாட்டினேன்.

மார்ச் 4

இன்று கப்பல் கரையிலிருந்து சற்றுத் தள்ளி நங்கூரமிட்டு நிற்கிறது. கரைக்குச் சிறு படகில்தான் போக வேண்டும்; மின் நாற்காலிகளை அதில் ஏற்ற மாட்டோம் என்று பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தார்கள். அலையில் படகு ஏறி இறங்குவதைப் பார்த்தபோது எனக்கும் வாதாடத் தோன்றவில்லை. தம்பியை விரட்டி அனுப்பினேன். மேல்தளம் முழுக்க எனக்கே கிடைத்தது.

மார்ச் 5

துறைமுகத்தில் காலையில் 4ஆம் தளத்துக் கதவு வழியாக இறங்கினோம். பாலம் கிட்டத்தட்ட மட்டமாக இருந்தது. நாலரைக்குத் திரும்பி வந்தால் அதே பாலம் கூரை ஏறும் ஏணிபோல் நிற்கிறது. ஓதம் ஏறி, அதாவது கடல்மட்டம் உயர்ந்து, கப்பலையும் கூடவே தூக்கிவிட்டிருந்தது. காலையிலேயே ஓத நேரத்தைக் கேட்டிருக்க வேண்டும். இவ்வளவு அளந்தவள் கடலை அளக்க மறந்துவிட்டேன்.

"நான்கு பேர் உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறோம்" என்றார் அதிகாரி.

"நாற்காலியை?"

அவர் நாற்காலியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு வாக்கிடாக்கியில் நீண்ட பேச்சு. தூக்க வேண்டாம், காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கைப்பை போலத் தூக்கப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு. விழுந்த அனுபவமும் உண்டு.

நாற்பது நிமிடம். பாலத்தைக் கழற்றி, ஒரு தளம் கீழே இருந்த கதவைத் திறந்து அங்கே பொருத்தினார்கள். உள்ளே கம்பளம் இல்லை. சாம்பல் வண்ணத் தரை, தலைக்கு மேல் குழாய்கள், சலவைக்கூடத்தின் ஆவி. துணி வண்டியைத் தள்ளி வந்த ஒருவர் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார். நடைவழி தாராளம், பயணிகள் தளங்களில் எங்கேயும் இவ்வளவு அகலம் இல்லை.

தம்பி கைபேசியில் கப்பலின் வரைபடத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இந்தத் தளம் இதில் இல்லவே இல்லை" என்றான்.