ஊசிக்கும் தெரியாத பதில்

கழுத்தில் கட்டி இருந்தது எனக்கே தெரியாது. வேறு எதற்கோ போன இடத்தில் மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "எச்சில் விழுங்குங்க" என்றார். விழுங்கினேன். கட்டியும் கூடவே மேலே ஏறி இறங்கியதாம். தைராய்டுக் கட்டி என்றால் அப்படித்தான் அசையும் என்றார்.

ஸ்கேனில் 18 மில்லிமீட்டர். "இந்த மாதிரிக் கட்டிகளில் பத்தில் ஒன்பது சாதாரணமானதுதான்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஆறுதலான கணக்குதான். ஆனால் என் மனம் மிச்சமிருந்த அந்த ஒன்றின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை. வலி பெரிதாக இல்லை. முடிவு வரும்வரை ஆண்டவரிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன்: புற்றுநோய் இல்லை என்று வரட்டும். வந்தது, இரண்டும் கெட்டான் பதில். இந்தப் பரிசோதனை முடிவை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள், எனக்கு நான்காவது. அந்த வகையில், கட்டியைச் சுற்றியுள்ள உறையைத் தாண்டியோ ரத்தக் குழாய்களுக்குள்ளோ செல்கள் போயிருக்கின்றனவா என்பதை வைத்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். அது ஊசிக்குத் தெரியாது. தைராய்டில் பாதியை எடுத்து, உறையோடு ஆராய்ந்தால்தான் தெரியும். அறுவை சிகிச்சைக்கு ஆறு வாரம் கழித்துத் தேதி கிடைத்தது.

அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

இரவு இரண்டரைக்கு விழிப்பு வந்துவிடும். கை தானாகக் கைபேசிக்குப் போகும். தேடத் தேட, இல்லாத அறிகுறிகள் எல்லாம் எனக்கு இருந்தன. போதாக்குறைக்கு ஒப்புதல் படிவம் வேறு. தைராய்டுக்குப் பின்னால் குரல்வளைக்குப் போகும் நரம்பு ஒன்று ஓடுகிறது. அதில் அடிபட்டால் குரல் கம்மிப்போகலாம் என்று அதில் அச்சடித்திருந்தார்கள். நான் ஆசிரியை. சபையில் பாடுகிறவள். புற்றுநோயைவிட அந்த ஒரு வரிதான் என்னை அதிகம் ஆட்டியது. இதை வெளியே சொல்லவும் வெட்கம்.

விஷயம் பரவியதும் வேதாகம வசனங்கள் வந்து குவிந்தன. நிறையப் பேர் அனுப்பியது எரேமியா 29:11, "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்று வருமே, அது. நன்றி சொன்னேன்; உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல். ஏனென்றால் அதற்கு முந்தைய வசனத்தையும் நான் படித்திருக்கிறேன். பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்று அதிலேயே இருக்கிறது. வாசித்தவர்களில் பாதிப்பேராவது அதற்குள் இறந்திருப்பார்கள். அதை யாரும் அனுப்புவதில்லை.

ஒரு ராத்திரி தாங்க முடியாமல் அக்காவை எழுப்பி, "விசுவாசம் இருந்தா பயம் வரக்கூடாதுல்ல?" என்று கேட்டேன். அக்கா தூக்கக் கலக்கத்திலேயே, "தாவீது, நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்னுதானே சொன்னான்? பயப்படாத நாளில்னு சொல்லலையே. படு" என்றாள். சங்கீதம் 56. காத் ஊரில் எதிரிகளான பெலிஸ்தர் கையில் மாட்டியிருந்தபோது பாடியது என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. சிறுவயதில் மனப்பாடம் செய்த வசனம்தான். பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே வாக்கியத்தில் இருப்பதை அதுவரை கவனிக்கவே இல்லை.

அதன்பின் என் ஜெபம் மாறியது. அதுவரை தைரியசாலி மாதிரிப் பேசிக்கொண்டிருந்தேன், கர்த்தருக்கு முன்னால்கூட. இப்போது, "குரல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். சத்தமாகச் சொன்னேன், குரல் இருக்கும்போதே பேசிவிடலாமே என்று. பயம் போனதா? இல்லை. ஆனால் அதை ஒளித்துவைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அதுவே பெரிய களைப்பாக இருந்திருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னாவை அன்றன்றைக்குத்தான் பொறுக்க வேண்டும். விடியும்வரை வைத்திருந்தால் புழு பிடித்து நாறியது. நான் செய்துகொண்டிருந்தது அதுதான். ஆறு வாரம் கழித்து வரப்போகும் நாளுக்கான தைரியத்தை இன்றைக்கே சேர்த்துவைக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை என்று அழுதேன். பிறகு கேள்வியைச் சுருக்கிக்கொண்டேன்: இன்றைக்கு என்ன? இன்றைக்கு ரத்தப் பரிசோதனை. இன்றைக்கு விடைத்தாள் திருத்த வேண்டும். இன்றைக்கு ஒன்றுமே இல்லை, துணி மடிக்கலாம். இரவில் கைபேசியை அக்காவின் அறையில் வைத்துவிடுவேன். இது ஆவிக்குரிய காரியமா என்று கேட்காதீர்கள். சூரைச்செடியின் கீழே சாகலாம் என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. சாப்பாடு கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி சாப்பாடு கொடுத்தான். எனக்கும் முதலில் தேவைப்பட்டது தூக்கம்தான்.

அறுவை சிகிச்சை அன்று காலை அமைதி ஒன்றும் வெள்ளமாக வந்து இறங்கவில்லை. கை சில்லிட்டிருந்தது. மயக்க மருந்துக்கு முன் முழு ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே" என்றேன், அதற்குமேல் வார்த்தை இல்லை. வெளியே அக்கா இருக்கிறாள் என்று தெரியும். கண் விழித்ததும் பெயர் கேட்டார்கள். சொன்னேன். கரகரப்பாக, வேறு யாரோ பேசுவதுபோல வந்தது. ஆனாலும் வந்தது. மூன்று வாரத்தில் பேச்சு சரியானது. பாட்டில் உச்சஸ்தாயி மட்டும் இன்னும் எட்டவில்லை. இப்போது இரண்டாம் குரல் பாடுகிறேன்.

முடிவு பத்து நாளில் வந்தது. பத்தில் ஒன்பது என்றார்களே, அந்த ஒன்பதில் நான் இல்லை; புற்றுநோய்தான். செல்கள் உறையை ஓரிடத்தில் லேசாகத் தாண்டியிருந்தன. ரத்தக் குழாய்களுக்குள் போகவில்லை. பாதி எடுத்ததே போதும், கண்காணித்தால் சரி என்றார்கள். ஆறு வாரமாக எதைக் கேட்கக்கூடாது என்று நடுங்கினேனோ அதையே கேட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி, "அடுத்து என்ன செய்யணும் டாக்டர்?" என்று கேட்டேன். அந்த நிதானம் எனக்கே புதிது. வாகனத்தில் ஏறிய பிறகுதான் அழுதேன்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அடுத்தது வியாழக்கிழமை. திங்கள் இரவே தூக்கம் போய்விட்டது. அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன், பயமாக இருக்கிறது என்று. "எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் பதில் வந்தது.