பத்து என்றால் பதினாலு

2023 நவம்பரில் டெட்ராய்ட் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். 25ஆம் தேதி, சனிக்கிழமை. விடிந்ததுமே அத்தான், “கிளம்புப்பா, ஆன் ஆர்பர் போறோம்” என்றார். அங்கே மிஷிகன், ஒஹாயோ ஸ்டேட் என்ற ரெண்டு பல்கலைக்கழக அணிகள் மோதும் காலேஜ் ஃபுட்பால். நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். அந்த சீசனில் ரெண்டும் அதுவரை ஆடிய பதினொன்றையும் ஜெயித்திருந்தன. தேசியத் தரவரிசையில் ஒஹாயோ 2, மிஷிகன் 3.

காரில் எனக்குப் பாடம் நடந்தது. இவர்கள் ஆடும் லீக்குக்குப் பெயர் ‘பிக் டென்’. அதில் பதினாலு அணிகள்! (மறு வருஷம் பதினெட்டு ஆனது. பெயர் மட்டும் பத்திலேயே நிற்கிறது.) கிழக்கு, மேற்கு என்று அப்போது ரெண்டு பிரிவு. இன்று ஜெயிப்பவர் கிழக்கில் முதலிடம் பிடித்து இண்டியானாபொலிஸில் இறுதி ஆட்டம் ஆடுவார். தோற்றவர் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதான்.

மிஷிகன் ஸ்டேடியத்தை வெளியே நின்று பார்த்தால் ‘இவ்வளவுதானா’ என்றிருக்கும். 1927இல் மண்ணைத் தோண்டி இறக்கிக் கட்டியது. உள்ளே போனால்தான் படிகள் கீழே கீழே என்று இறங்குகின்றன, பெரிய கோயில் குளம் மாதிரி. 1,07,601 பேர் உட்காரலாம். உட்காருவது அலுமினியப் பலகையில். அதில் எழுதிய எண்ணுக்கு நேரே உள்ள கொஞ்ச இடம்தான் நம் சொத்து. குளிர்கோட்டு போட்ட ஆள் எவரும் அதற்குள் அடங்கவில்லை. பக்கத்துப் பாட்டியின் முழங்கை மூணு மணி நேரமும் என் விலாவில்தான்.

மூன்றாவது கால்பகுதியில் மிஷிகன் வீரர் ஸாக் ஸின்டருக்குக் கால் முறிந்தது. வண்டியில் ஏற்றிக் கொண்டு போகும்போது அத்தனை பெரிய கூட்டமும் கப்சிப். அடுத்த பந்திலேயே சக வீரர் பிளேக் கோரம் 22 கெஜம் ஓடி டச் டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது) போட்டுவிட்டு, விரல்களால் ஆறு, ஐந்து என்று காட்டினார். 65 ஸின்டரின் சட்டை எண். பாட்டி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கடைசி அரை நிமிஷத்தில் ஒஹாயோ வீசிய பந்தை மிஷிகனின் ராட் மோர் பறித்ததும் ஆட்டம் முடிந்தது: மிஷிகன் 30, ஒஹாயோ 24.

ஊர் திரும்பிய பிறகும் விடாமல் பின்தொடர்ந்தேன். மிஷிகன் பிக் டென் இறுதி ஆட்டத்தில் அயோவாவை 26-0 என்று நசுக்கியது. மறுநாள், தேசியப் பட்டத்துக்கு ஆடப்போகும் நாலு அணிகளின் பட்டியல் வந்தது. ஐபிஎல் மாதிரி புள்ளிக் கணக்கு, ரன் ரேட் எதுவும் இங்கே கிடையாது; 13 பேர் குழு கூடி முடிவு செய்தது. மிஷிகன் 1. ஒரே தோல்விக்கு ஒஹாயோ 7. ஆடிய பதிமூன்றையும் ஜெயித்த ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு ஐந்தாம் இடம்! குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) காயம்பட்டதால் பழைய பலம் இல்லையாம்.

அத்தானுக்கு போன் போட்டேன். “எல்லாத்தையும் ஜெயிச்சவனை வெளிய தள்ளிட்டாங்களே, என்ன நியாயம் இது?”

“நம்ம டீம் உள்ள இருக்குல்ல, விடுப்பா.”