மானிட்டர் கவசக் கப்பல், 1/100: கோபுரம் சுழன்றது, தண்ணீரும் வந்தது

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பு கட்டிய மானிட்டர் கவசக் கப்பலை 1/100 அளவில் செய்ய ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. உடற்பகுதி சன்போர்டில் முடிந்துவிட்டது, அதில் சொல்ல அதிகமில்லை. தெப்பம் போலத் தட்டையான மேல்பகுதி, அதற்கடியில் ஒடுங்கிய அடிப்பகுதி. நிஜக் கப்பலின் தளம் நீர்மட்டத்துக்கு மேலே வெறும் ஒன்றரை அடிதான் நின்றது. எனக்கு அது நாலரை மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டபோது கை தானாக நின்றுவிட்டது. இவ்வளவு தாழ்ந்த ஒன்றைக் கடலில் விட அதை வடிவமைத்த ஜான் எரிக்சனுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்! எதிரி குறிவைக்க, பீரங்கிகளை உள்ளே வைத்துச் சுழலும் அந்த இரும்புக் கோபுரத்தை விட்டால் அதில் அதிகம் ஒன்றுமில்லை.

அந்தக் கோபுரத்துக்குத்தான் இரண்டு வாரம் போனது. உள்விட்டம் 20 அடி, உயரம் 9 அடி, உள்ளே 11 அங்குல டால்கிரன் பீரங்கிகள் இரண்டு. சுவர், ஓர் அங்குல இரும்புத் தகடுகள் எட்டு அடுக்கு. 1/100-இல் ஓர் அங்குலம் கால் மில்லிமீட்டர் வருகிறது. நான் வாங்கிய அட்டையும் சரியாக அதே கனம். அப்புறம் யோசிக்கவே இல்லை, எட்டு அடுக்காகவே சுற்றிவிட்டேன். அச்சுக்கு 63 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு. கணக்குப்படி 61 வர வேண்டும், அந்த 2 மி.மீ.யை விட்டுக்கொடுத்தேன். முதல் தடவை ஃபெவிகால் அதிகமாகி அட்டை உப்பிவிட்டது. இரண்டாம் தடவை மெல்லிசாகத் தடவி, ஒவ்வொரு அடுக்குக்கும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு ராத்திரி விட்டேன். இணைப்புகள் ஒரே இடத்தில் சேராமல் தள்ளித் தள்ளி வைத்தேன். காய்ந்த பிறகு விரலால் அமுக்கினால் அசையவில்லை.

நிஜக் கோபுரம் சுமார் 120 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறில் ஒன்றாகக் குறைவதால் எடையைப் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும், 120 கிராம். பழைய நட்டு, வாஷர்களை உள்ளே ஒட்டி, சமையலறைத் தராசில் வைத்து 120-க்குக் கொண்டுவந்தேன்.

இனிதான் முக்கியமான இடம். அந்தக் கோபுரம் தளத்தோடு எதிலும் பிணைக்கப்படவில்லை. தளத்தில் பதித்த ஒரு உலோக வளையத்தின் மேல் தன் எடையாலேயே உட்கார்ந்திருக்கும். சுழற்ற வேண்டுமானால் நடுத்தண்டின் கீழே ஆப்பை இறுக்கிச் சற்றே தூக்க வேண்டும், பிறகு நீராவி எஞ்சின் திருப்பும். நான் சைக்கிள் ஸ்போக்கை நடுத்தண்டாக்கி, ஐஸ்கிரீம் குச்சியைச் சீவி ஆப்பு செய்தேன். குச்சியைத் தள்ளினால் ஒரு மில்லிமீட்டர் எழும்புகிறது, விரல் பட்டாலே சுழல்கிறது. கிளம்பிய பிறகு நினைத்த இடத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். 1862 மார்ச் 9-ஆம் தேதி ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பில் தெற்குத் தரப்பின் கவசக் கப்பலான வர்ஜீனியாவோடு மோதியபோது மானிட்டரின் வீரர்களுக்கும் இதே தொல்லை. கோபுரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே, எதிரி கண்ணில் பட்ட நொடியில் சுட்டார்கள். முந்தின நாள்தான் வர்ஜீனியா வடக்குத் தரப்பின் கம்பர்லாண்ட் கப்பலை இடித்து மூழ்கடித்து, காங்கிரஸ் என்ற இன்னொரு கப்பலை எரித்திருந்தது. மரக்கப்பல்களை அப்படி அழித்த அதே வர்ஜீனியாவால் இந்தக் கோபுரத்தைத் துளைக்க முடியவில்லை. தகட்டில் பள்ளங்கள் விழுந்தன, அவ்வளவுதான்.

வார்னிஷ் அடித்து, பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மிதக்கவிட்டேன். கோபுரம் வளையத்தில் நேராக உட்கார்ந்திருந்தபோது தளத்தின் மேல் தண்ணீர் ஓடியும் உள்ளே கசிந்தது கொஞ்சம்தான். நியூயார்க்கிலிருந்து தெற்கே வந்த முதல் பயணத்துக்கு முன், கோபுரத்தைத் தூக்கி அடியில் நார் திணித்து அடைத்தார்கள். நானும் சணல் கயிற்றைப் பிரித்துத் திணித்துப் பார்த்தேன். கோபுரம் நாரின் முடிச்சுகள் மேல் ஏறி நின்றுகொண்டது, மற்ற இடமெல்லாம் இடைவெளி. தண்ணீர் சுற்றிலும் திரையாக இறங்கியது. அந்தப் பயணத்திலேயே அவர்கள் மூழ்காமல் தப்பியது பெரிய விஷயம் என்று இப்போது புரிகிறது.

நாரை எடுக்காமல் கையால் அலை எழுப்பினேன். நாலாவது அலையில் படகு சாய்ந்தது. கோபுரம் முதலில் கழன்று, தலைகீழாகத் தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்தது. படகு கவிழ்ந்து அதன் மேலேயே இறங்கியது.

1862 டிசம்பர் 31-ஆம் தேதி அதிகாலை, அமெரிக்காவின் வட கரோலினா கரையோரம் கேப் ஹட்டெரஸ் அருகே புயலில் மானிட்டருக்கு நடந்ததும் இதுவே. 16 பேர் இறந்தார்கள். 1973-இல் கண்டுபிடிக்கப்பட்டபோது கப்பல் கவிழ்ந்து, தலைகீழான கோபுரத்தின் மேல் கிடந்தது. 2002 ஆகஸ்டில் கோபுரத்தை மேலே எடுத்தார்கள். உள்ளே இருவரின் எலும்புகள் இருந்தன. 2013-இல் அவர்களை ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

தொட்டியில் கை விட்டு, கோபுரத்தை மெதுவாக வெளியே எடுத்துத் துணியில் கவிழ்த்து வைத்தேன். அடுக்குகள் பிரியவில்லை. காய்ந்ததும் பீரங்கி வாய்களை வெட்டுவேன்.