பதினொன்றில் இரண்டு

"உத்திரத்துல கரையான் ஏறியிருக்குங்க ஐயா. இந்தக் கூரை நிக்கும்னு என்னால எழுதித் தர முடியாது."

அந்தப் பழைய வீட்டை இடிப்பதா வேண்டாமா என்று பேசக் கூடிய அன்றைக்குத் தெருக்காரர்கள் முன்னால் நான் சொன்னது இவ்வளவுதான். இதில் பொய் இல்லை. ஆனால் அது மெட்ராஸ் டெரஸ் கூரை, மர உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் பதித்துக் கட்டுவது. அதில் 11 தேக்கு உத்திரங்கள். ஒவ்வொன்றாகச் சுத்தியால் தட்டிப் பார்த்தவன் நான். உளுத்த சத்தம் கேட்டது இரண்டில். அந்த எண்ணிக்கையை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அதுவரை பேச்சு இரண்டு பக்கமும் இழுபறியாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு வாத்தியார் ஐயா, திண்ணை வைத்த வீடு இந்தத் தெருவில் இது ஒன்றுதான் மிச்சம் என்றார். வீட்டுக்காரரின் தங்கை எழுந்து, "மழையில ஒழுகுனப்ப யாராவது ஒரு தார்ப்பாய் கொண்டு வந்தீங்களா?" என்றதும் கூட்டம் அடங்கிவிட்டது. அப்போதுதான் வாத்தியார் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க சொல்லுங்க, நிக்குமா நிக்காதா?" என்றார்.

சட்டம் அந்த வீட்டுக்குத் துணையில்லை. வேலூர்க் கோட்டையைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் இன்னும் ஒரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். பழஞ்சின்னங்களுக்கான சட்டத்தில் 2010 திருத்தம் எழுதிவைத்த கோடு அது. இந்தத் தெரு அதையும் தாண்டி இருக்கிறது. கருங்கல்லுக்கு இருக்கிற காவல், சுண்ணாம்புக் காரைக்கு இல்லை.

இடித்தது தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு இன்று வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜனம் வருகிறது. ஸ்டவ்வும் அரிசியும் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களுக்கு அறை வேண்டும். நாலு பங்காளிகளுக்கு ஒரு முற்றத்தை எப்படிப் பிரிப்பது?

இரண்டு உத்திரம் மாற்றுவது பெரிய வேலை இல்லை. முட்டுக் கொடுத்து, அந்தப் பத்தியின் செங்கல்லைப் பிரித்து, புதுக் கட்டை சொருகலாம். ஆனால் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் எங்கே? மூன்றாவது உத்திரம் நாளைக்கு இறங்கினால் கையெழுத்துப் போட்டவன் நான். இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். புதுக் கட்டடத்தின் பிளானும் எனக்கு வருவதாக இருந்தது என்பதையும் இதோடு சேர்த்து எழுத வேண்டும். அதை நினைத்துத்தான் வாயை மூடினேனா? அந்த நொடியில் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று உறுதியாகத்தான் நம்புகிறேன்.

பழைய மரக்கடைக்காரர் வண்டியில் ஏற்றும்போது சொன்னார்: "ஒம்போதும் கல்லு மாதிரி கீது சார்."

போன மாதம் வாத்தியார் ஐயா என்னை வழியில் நிறுத்தினார். கோபமெல்லாம் இல்லை. "எங்க வீட்டுக் கூரையையும் ஒரு தடவ தட்டிப் பாத்துச் சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். நாலு ஞாயிறு போய்விட்டது. சுத்தி வண்டிப் பெட்டியில்தான் இருக்கிறது.