ஒரு ‘அ’வும் மூன்று திராட்சையும்

ஜூலை 8

இன்று ஸ்பானிஷ் வகுப்பில் ‘செர்’, ‘எஸ்தார்’ என்ற இரண்டு வினைகள். நமக்கு ‘இரு’ என்று ஒன்று போதும். ‘நான் மாணவி’ என்னும்போது அதுவும் தேவையில்லை. ஸ்பானிஷில் இரண்டு. நிலையான குணத்துக்கு ‘செர்’, மாறும் நிலைக்கு ‘எஸ்தார்’ என்கிறது பாடப்புத்தகம். அப்படியென்றால் செத்துப்போனவருக்கு ஏன் ‘எஸ்தார்’? அதைவிட நிலையானது எது? கேட்டேன். “விளைவாக வந்த நிலைக்கெல்லாம் எஸ்தார்” என்றார் ஆசிரியர். இந்த விளக்கம் புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாக இருந்தது.

எனக்குப் போரடிக்கிறது என்று சொல்ல நினைத்து ‘சோய் அபுர்ரிதா’ என்றேன். ‘நான் ஒரு அறுவை’ என்று அர்த்தமாம். ‘சோய்’ ‘செர்’ வினையின் வடிவம்; ‘எஸ்தார்’ வினையின் ‘எஸ்தோய்’ போட்டிருக்க வேண்டும். வகுப்பில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஜூலை 19

‘மே குஸ்தா லேயேர்.’ இதற்கு எங்கள் புத்தகம் ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் விளக்குகிறது: ‘வாசிப்பு எனக்கு இன்பம் தருகிறது’ என்று தலைகீழாக யோசிக்க வேண்டுமாம். எதற்கு? ‘எனக்கு வாசிக்கப் பிடிக்கும்.’ முடிந்தது. ‘மே துவேலே லா கபேஸா’ என்றால் ‘எனக்குத் தலை வலிக்கிறது’. நமக்கு நேர்ப்பாதை இருக்கும்போது ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 2

இன்று கிடைத்தது அதைவிடப் பெரியது. ‘வேயோ லா காசா’ என்றால் வீட்டைப் பார்க்கிறேன். ஆனால் மரியாவைப் பார்க்கிறேன் என்றால் ‘வேயோ அ மரியா’. நடுவில் ஒரு ‘அ’. செயப்படுபொருள் மனிதராக இருந்தால் அந்த ‘அ’ வேண்டும். வகுப்பு முழுக்க முழித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நாமும் ‘வீடு பார்த்தேன்’ என்போம். ‘மாலா பார்த்தேன்’ என்று யார் சொல்வார்கள்? ‘மாலாவை’தான். நம் ‘ஐ’ செய்வதை அங்கே ‘அ’ செய்கிறது.

ஆகஸ்ட் 5

பெருமை மூன்று நாள்தான். கட்டுரையில் ‘தெங்கோ அ தோஸ் எர்மானோஸ்’ (எனக்கு இரண்டு சகோதரர்கள்) என்று எழுதியதில் அந்த ‘அ’மேல் சிவப்புக் கோடு. இந்த மாதிரி இடத்தில் ‘தெனேர்’ வினை (‘தெங்கோ’ இதன் வடிவம்) ‘அ’ கேட்காது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், தமிழிலும் இங்கே ‘ஐ’ வராது. தமிழில் யோசிக்காமல் விதியை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 23

இலக்கியத் தாளில் ‘லாஸரியோ தெ தோர்மெஸ்’ என்ற பழைய ஸ்பானிஷ் நாவல். 1554-இல் வந்தது, ஆசிரியர் பெயர் கிடையாது. 1559-இல் திருச்சபையின் தடைப் புத்தகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 1992-இல் பார்கர்ரோதா என்னும் ஊரில் ஒரு பழைய வீட்டுச் சுவருக்குள் இதன் 1554-ஆம் வருடப் பிரதி ஒன்று, வேறு சில புத்தகங்களோடு கிடைத்தது. அதை அங்கே வைத்தவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் நகர்கிறது. ஆனால் திராட்சைப் பகுதி வந்ததும் அகராதியை மறந்தேன். குருடரும் அவருக்கு வழிகாட்டும் பையன் லாஸரோவும் ஒரு திராட்சைக் குலையைப் பங்கிடுகிறார்கள். ஆளுக்கு ஒவ்வொன்றாக எடுப்பது என்று ஒப்பந்தம். குருடர் உடனே இரண்டிரண்டாக எடுக்க ஆரம்பிக்கிறார். பையன் மூன்று மூன்றாக விழுங்குகிறான். கடைசியில் குருடர், “நீ மும்மூன்றாகத் தின்றாய்” என்கிறார். எப்படித் தெரியும்? “நான் இரண்டிரண்டாகத் தின்றபோது நீ பேசாமல் இருந்தாயே.”

மடக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. இந்தக் கதை முழுவதும் ‘வுவெஸ்த்ரா மெர்செத்’ என்று ஒருவரை விளித்து எழுதிய கடிதம். அவர் யாரென்று சொல்லப்படுவதே இல்லை. ‘தங்கள் சமூகத்துக்கு’ என்பது போல ஒரு மரியாதைச் சொல். அது தேய்ந்து தேய்ந்துதான் இன்றைய ‘உஸ்தேத்’, அதாவது ‘நீங்கள்’. அதனால்தான் எதிரே இருப்பவரைப் பற்றிய வினை படர்க்கையில் வருகிறது. ஒரு மாதமாக மனப்பாடம் செய்த அட்டவணைக்குக் காரணம் இங்கே இருந்திருக்கிறது. “ஐயா எப்போது வந்தார்கள்?” என்று அந்த ஐயாவிடமே கேட்பதுபோல.

செப்டம்பர் 11

‘வொசோத்ரோஸ்’ (நெருக்கமான பலரைப் பார்த்துச் சொல்லும் ‘நீங்கள்’) ஸ்பெயினில்தான் பேசுவார்கள், லத்தீன் அமெரிக்காவில் ‘உஸ்தேதெஸ்’ போதும் என்று யாரோ சொன்னதால் அந்த வினை விகுதிகளை ஒதுக்கி வைத்திருந்தேன். இன்று பதினேழாம் நூற்றாண்டு மெக்சிகோவின் கன்னியாஸ்திரீ சோர் ஹுவானா இனேஸ் தெ லா குரூஸ் எழுதிய கவிதை. முதல் அடியே: ‘ஓம்ப்ரெஸ் நெசியோஸ் கே அகுசாயிஸ்’. அந்த ‘ஆயிஸ்’ நான் ஒதுக்கிய அதே விகுதி! அடுத்த அடி ‘அ லா முஹேர்’ என்று தொடங்குகிறது. காரணமின்றிப் பெண்ணைக் குற்றம் சாட்டும் அறிவற்ற ஆண்களே, என்று திட்டுகிறார். பெண்ணை. என் ‘அ’ அங்கேயும் நிற்கிறது. ஓரத்தில் பென்சிலால் ‘ஐ’ என்று எழுதி வைத்தேன்.

செப்டம்பர் 29

நாளை வாய்மொழித் தேர்வு. திராட்சைக் கதையைச் சொல்லத் தயார். உச்சரிப்புதான் உதைக்கிறது. ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெர்ரோ’ என்றால் நாய். இரண்டாவதில் நாக்கு உருள வேண்டும். எழுத்தில் ர, ற என்று இரண்டு வைத்துக்கொண்டு வாயில் ஒன்றாக்கிவிட்டவள் நான். கண்ணாடி முன் அரை மணி நேரம் நின்றும் நாய் இன்னும் ‘ஆனால்’ஆகத்தான் வருகிறது. சரி, கதையில் குருடருக்கு நாய் கிடையாது.