முழுக்கை சுடிதார்

முதல் வெண்புள்ளி எனக்கு வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் வந்தது. அரிசி மணி அளவுதான், சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஆறே மாதத்தில் உதட்டோரம், மணிக்கட்டு, முழங்கை என்று படர்ந்துவிட்டது. அம்மா மீனை நிறுத்தினார். ஒரு அத்தை எனக்கென்று தனித் தட்டு எடுத்து வைத்தார், அது இன்னும் வலிக்கிறது. மதுரையில் மே மாத வெயிலிலும் முழுக்கை சுடிதார்தான் போட்டேன்.

இது தொற்றாது. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது, அவ்வளவுதான். தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெண்குஷ்டம் என்று சொல்லக் கூடாது, வெண்புள்ளிகள் என்றே சொல்ல வேண்டும் என்று தமிழக அரசு 2010-லேயே சொல்லிவிட்டது, ஆனாலும் பழைய பேர் வீடுகளில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. மைக்கேல் ஜாக்சன் வேண்டுமென்றே தோலை வெளுக்க வைத்தார் என்று பள்ளியில் நாங்கள் பேசியிருக்கிறோம். தனக்கு இந்த நோய் இருப்பதை அவர் 1993-லேயே தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லியிருந்தார் என்பது எனக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவர் இறந்த ஜூன் 25-ஐத்தான் இப்போது உலக வெண்புள்ளி நாளாக வைத்திருக்கிறார்கள்.

என்னை மாற்றியவர் பேருந்து நிறுத்தத்தில் பூக்கட்டும் ஒரு அம்மா. இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளை. நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, மல்லிகையை இரண்டிரண்டாக வைத்து, பேச்சை நிறுத்தாமல் கட்டுவார். "ஏன் கண்ணு, இந்த வெக்கையில கைய மூடிக்கிட்டு?" என்றார். நான் எதுவும் சொல்லாமல் சுடிதார் கையை லேசாக மேலே இழுத்துக் காட்டினேன். "எனக்கு இருபது வருசமாச்சு. என்கிட்ட பூ வாங்காதவங்களும் இருக்காங்க, வாங்குறவங்களும் இருக்காங்க" என்று சொல்லி ஒரு முழம் அளந்து கொடுத்தார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. இப்போதும் சில கல்யாணங்களுக்கு மேக்கப்பில் மறைத்துக்கொண்டுதான் போகிறேன், ஒளி சிகிச்சைக்கும் போகிறேன். முகத்தில் நிறம் திரும்பியிருக்கிறது, விரல் நுனியில் வரவில்லை, அங்கே வருவது கஷ்டம் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் மறைக்கவே கூடாது, அழவே கூடாது என்று ரொம்ப நாள் நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். மறைக்கிறவளும் நான்தான், அரைக்கையோடு கடைக்குப் போகிறவளும் நான்தான். இரண்டு பேரையும் இப்போது நான் திட்டுவதில்லை.

போன மாதம் எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார். ஒன்பதாவது படிக்கும் மகள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாளாம், விரல்களில் புள்ளி. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை, கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என் மணிக்கட்டில் இருந்த புள்ளியை விரலால் மெதுவாகச் சுற்றி வரைந்துவிட்டு, "அக்கா, இது மேல மருதாணி வச்சா பிடிக்குமா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து மருதாணி பறித்துக்கொண்டு மறுபடி போனேன்.