122 சென்டிமீட்டரில் மூன்று பேர்

அக்டோபர் 13, 2024, ஞாயிறு

அம்மாவுக்கு டிசம்பர் 8 அன்று எழுபத்தைந்து முடிகிறது. பட்டுப்புடவை, ஓட்டல், கேக் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது சின்னவள்தான் சொன்னாள்: “மூன்று பேரும் நம் பியானோவில் ஏதாவது வாசிக்கலாமே, அக்கா.” தம்பி சிரித்தான். அவன் பியானோவைத் தொட்டு இருபது வருடம் ஆகிறது. நான் தொட்டுப் பன்னிரண்டு. சிரித்தவனே பிறகு அப்பாவின் டேப்பைத் தேடி எடுத்து வந்து அளந்தான். வெள்ளைக் கட்டைகள் 52, முனைக்கு முனை 122 சென்டிமீட்டர். “ஆளுக்கு நாற்பது. மின்சார ரயிலில் இதைவிட நெருக்கி உட்கார்ந்திருக்கிறோம்” என்றான்.

அக்டோபர் 16, புதன்

நேற்று மழை கொட்டித் தீர்த்தது. வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். பியானோவை எங்கே ஏற்றுவது? புரசைவாக்கம் வீட்டில் அது செங்கல் மேல் நிற்கிறது. தண்ணீர் வரவில்லை, ஈரக்காற்று வந்துவிட்டது. நடுவில் ஒரு கட்டை அழுத்தினால் எழ மறுக்கிறது. மரம் ஈரம் குடித்து உப்பிக்கொள்வதால் வரும் கோளாறு. அப்பா மழைக்காலத்தில் கீழ்ப்பலகையைக் கழற்றி உள்ளே ஒரு குண்டு பல்பு எரியவிடுவார். இப்போது எங்கே போனாலும் எல்.இ.டி.; வெளிச்சம் தரும், சூடு தராது. மூன்றாவது கடையில் ஒரே ஒரு பழைய பல்பு கிடைத்தது. கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். பியானோவுக்கு என்றதும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் டியூனர் வந்தார். எழுபது வயதிருக்கும். கம்பிகளுக்கு நடுவே கம்பளிப் பட்டையைச் செருகி, இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதோரம் வைத்துக்கொண்டார். எங்கள் பியானோவின் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரம் இறங்கிப்போயிருக்கிறதாம். பொதுவான சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற முடியுமா என்றான் தம்பி. “இருநூறுக்கு மேல் கம்பி இருக்கிறது, தம்பி. எல்லாம் சேர்ந்து டன் கணக்கில் இழுக்கிறது. கிழவனை வாலிபனின் வேலைக்கு அனுப்பாதீர்கள். இருக்கிற இடத்திலேயே ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தருகிறேன்.” மூன்றரை மணி நேரம் ஆனது. இரண்டாவது காபியோடு, தம்பி மகன் பொம்மைக் காரைக் கட்டைகள் மேல் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, “மூடியைப் பூட்டி வையுங்கள். சாவி இருக்கிறதா?” என்றார்.

“தொலைந்துவிட்டது” என்றேன்.

சின்னவள் தலையைத் திருப்பாமலே, “அக்காவின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும்” என்றாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

முதல் ஒத்திகை. ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவ் ஒரே பியானோவில் ஆறு கைகளுக்கு எழுதிய ‘ரொமான்ஸ்’ என்ற துண்டு. 1890இல் இவானோவ்கா பண்ணையில் கோடையைக் கழித்தபோது, அங்கே வந்திருந்த ஸ்கலோன் சகோதரிகள் மூவருக்காக முதலில் ஒரு வால்ட்ஸ் நடன இசை எழுதினார். மறுவருடம் இது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பத்து வருடம் கழித்து, இதன் தொடக்கத்தை எடுத்துத் பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் தன் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவின் நடுப்பகுதிக்கு வாசல் ஆக்கிக்கொண்டார்.

எங்கள் வாசிப்பில் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. மேல் பாகம் எனக்கு. யாரும் கொடுக்கவில்லை; நான் போய் உட்கார்ந்துவிட்டேன். கீழ்ப் பாகமும் பெடலும் தம்பிக்கு. இரண்டு முழங்கைகளுக்கு நடுவே சின்னவள். தம்பி பெடலை மிதித்தால் விட மறந்துவிடுகிறான். எல்லாம் சாம்பார் சாதம்போல் கலந்துவிடுகிறது. “ஒன்று, இரண்டு” என்று நான் உரக்க எண்ணியது இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. சிறுவயதிலும் பிடிக்காது.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இன்று ஒத்திகை இல்லை.

மொசார்ட்டின் அப்பா 1759இல் தன் மகள் நானெர்லுக்காக ஒரு பாடப் புத்தகம் தொடங்கினார். அவள் தம்பி வொல்ஃப்காங், அதாவது மொசார்ட், அவளைவிட நாலரை வயது சிறியவன். ஐந்தாம் பிறந்தநாளுக்கு முந்தின இரவு, அக்காவின் அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு துண்டை அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டான் என்று அப்பா அதிலேயே குறித்துவைத்தார். 1761, ஜனவரி 26, ஒன்பதரையிலிருந்து பத்து மணிக்குள். எல்லோரும் அந்தப் பையனை வியக்கிறார்கள். அன்று ராத்திரி அக்கா என்ன நினைத்திருப்பாள் என்பதுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்பாவின் ரயில்வே குமாஸ்தா சம்பளத்தில் இரண்டு பேருக்குத்தான் டீச்சருக்குக் கட்டணம் கொடுக்க முடிந்தது. எனக்கும் தம்பிக்கும். சின்னவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து கேட்பாள். அவளுக்கு ஆறு வயதில், நான் மூன்று மாதம் முட்டிக்கொண்டிருந்த ஒரு மினுவெட் நடன இசையின் இடக்கைப் பகுதியை ஒரு நாள் சரளமாக வாசித்தாள். அம்மா கைதட்டினாள். மறுநாள் காலையில் மூடியைப் பூட்டிச் சாவியைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். காம்பஸுக்கும் பாகைமானிக்கும் நடுவில் வைத்திருந்தேன். ஒரு நாள் மட்டும் இல்லை. அந்த வருடம் முழுவதும்.

நவம்பர் 17, ஞாயிறு

முதல் பக்கம் நிற்காமல் வந்தது. அந்தக் கட்டை மட்டும் இன்னும் தாமதமாகத்தான் எழுகிறது.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். தம்பியால் தாம்பரத்திலிருந்து கிளம்ப முடியவில்லை. சின்னவள் நேற்றே வந்து தங்கிவிட்டாள். நான்கு மணிக்கு மின்சாரம் போனது. பியானோவுக்குள் பல்பும் அணைந்தது. தாள் தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றேன். அவள் இருட்டிலேயே தன் பாகத்தை வாசித்தாள். முடிந்ததும், வேலை ஒன்றும் இல்லையே என்பதுபோல், என் பாகத்தையும். ஆறாவது வாரமாக நான் தடுக்கி விழும் இடத்தில் அவள் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

சாவி பற்றிப் பேச வாய் வந்தது. “மெழுகுவத்தி எங்கே இருக்கிறது?” என்றுதான் கேட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

அம்மா முன்வரிசை நாற்காலியில். வாசித்தோம். பெடலைத் தம்பி சரியாக விட்டான். நான் வழக்கமான இடத்தில் தடுக்கினேன், அக்கம்பக்கத்தாருக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. “நன்றாகத்தான் இருக்கிறது. மேலே யார் அது? இன்னொரு தரம் வாசியுங்கள்” என்றாள்.

எழுந்து, சின்னவளை என் இடத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, தாளையும் திருப்பவில்லை. அவள் பாகத்தில் பாதி ஸ்வரங்களை நான் விட்டுவிட்டேன். ஒட்டிக்கொள்ளும் கட்டை அங்கேதான் இருக்கிறது; ஒவ்வொரு முறையும் அதை நகத்தால் நெம்பித் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. ஆறு வாரமாக இதையும் செய்துகொண்டுதான் வாசித்திருக்கிறாள்.